சாவி கவ்விய குருவி

சரும நோய் மருத்துவமனையில் அவளை எல்லோரும் ரப்பர் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருந்தது. மூன்றாம் எண் அறையில் உட்கார்ந்துகொண்டு, ஆசைப்பட்டுப் பச்சை குத்திக்கொண்டவர்களின் தோலிலிருந்து அந்தப் பச்சையை லேசர் வைத்து அழிப்பது அவள் வேலை. பதினாறு வருடமாக இதே அறை, இதே கறுப்புக் கண்ணாடி.

வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரு பெயரை அழிக்க வருகிறவர்கள். குத்திக்கொள்ளும்போது உயிரே நீதான் என்று குத்தியிருப்பார்கள். அழிக்க வரும்போது அந்த உயிரின் பெயரைச் சொல்லக்கூட வாய் வராது, விரலால் காட்டுவார்கள்.

"இன்னும் எத்தனை தடவை வரணும் சிஸ்டர்? கல்யாணம் நெருங்குது."

"அதுக்கு நான் என்ன பண்றது? பேரு இவ்வளவு நீளம். சின்னப் பேரா பாத்துக் காதலிச்சிருக்கணும்."

சிரிக்காமல் சொல்லுவாள். கேட்டவர்தான் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் விழிப்பார். வேலையில் அவள் கெட்டிக்காரி, அதை அவளே சொல்லிக்கொள்ளவும் தயங்கமாட்டாள். லேசர் மையை உடைக்கும், அவ்வளவுதான். உடைந்ததைக் கரைத்து எடுத்துக்கொண்டு போவது உடம்பின் வேலை. அதற்கு ஆறு வாரமோ எட்டு வாரமோ பொறுக்க வேண்டும். பொறுக்காமல் சூட்டைக் கூட்டினால் பச்சை போய்த் தழும்பு வந்துவிடும். அவள் கையால் அழித்துக்கொண்டவர்களுக்குத் தழும்பே இருக்காது. அங்கே ஏதாவது இருந்தது என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

அப்படிப்பட்டவளின் வீட்டுக்குள் நுழைந்தால் ஆள் வாயடைத்துப் போய்விடும். கூடத்துச் சுவர் முழுக்கப் பச்சை குத்தும் படங்கள். பாம்பு சுற்றிய கத்தி, பாய் விரித்த கப்பல், முள்ளோடு ஒரு ரோஜா, வாயைப் பிளந்த புலித்தலை, நங்கூரம், பல்லைக் காட்டும் மண்டையோடு. எல்லாம் தடித்த பருத்திக் காகிதத்தில் அச்சானவை, கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தவை. ஒவ்வொன்றின் அடியிலும் இடது ஓரத்தில் பென்சிலால் 11/30 என்று எழுதியிருக்கும். முப்பதே பிரதிகள் அச்சடித்ததில் இது பதினொன்றாவது என்று அர்த்தம். வலது ஓரத்தில் வரைந்தவரின் கையெழுத்து. இருபத்தாறு படங்கள், இருபத்தாறிலும் பதினொன்று. கையில் உறை மாட்டிக்கொண்டுதான் அவற்றைத் தொடுவாள். வெயில் பட்டால் காகிதம் பழுத்துவிடும் என்று ஜன்னலுக்குக் கனத்த திரை போட்டிருந்தாள்.

"வீடு நமக்கா, படத்துக்கா?" என்று அம்மா கேட்பாள். "பட்டப்பகல்ல லைட்ட போட்டுத்தான் கீரை ஆய வேண்டியிருக்கு. பாம்பும் கத்தியும் மண்டையோடும்... பாக்கறவங்க இது வீடா, போலீஸ் ஸ்டேஷனான்னு கேக்கப் போறாங்க."

கேட்டார்கள்தான். அவளைக் கட்டிக்கொள்ளலாமா என்ற யோசனையில் இரண்டு வருடம் அவளைச் சுற்றி வந்த மருந்துக் கம்பெனிக்காரர் ஒருவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார். மண்டையோட்டுக்கு நேர் கீழே நாற்காலி. டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தவர்தான், அப்புறம் மருந்து மாதிரியைக்கூட வேறு ஆள் கையில் கொடுத்து அனுப்பினார். அவளுக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. அந்த நாற்காலியை மட்டும் தள்ளிப்போட்டாள்.

அம்மா குறை சொல்லுவாளே தவிர, அந்தச் சுவரைப் பார்க்கமாட்டாள். கூடத்தைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டே போவாள். அதற்குக் காரணம் இருந்தது. அந்தக் காரணத்தைப் பற்றி அம்மாவும் மகளும் ஏழு வருடமாக ஒரு வார்த்தை பேசவில்லை.

காரணம் தம்பி. அவளுக்கும் அவனுக்கும் பதின்மூன்று வயது வித்தியாசம். அக்கா என்று கூப்பிட்டாலும் பாதி அம்மா மாதிரிதான். நல்ல பையன், ஆனால் மறதியில் மன்னன். வீட்டுச் சாவியை மாதத்துக்கு ஒன்றாகத் தொலைப்பான். பூட்டுக்கடைக்காரர் அவன் தலையைக் கண்டாலே வெற்றுச் சாவியை எடுத்து அராவ ஆரம்பித்துவிடுவார். "இன்னொரு சாவியத் தொலைச்சே, வீட்டுக்குள்ள விடமாட்டேன்" என்று அம்மா ஒருநாள் கத்தினாள். மறுவாரம் அவன் சட்டைக்கையை மடித்துக்கொண்டு வந்து நின்றான். இடது முன்கையில் புதுப் பச்சை. வால் பிளந்த ஒரு குருவி, அதன் அலகில் ஒரு சாவி.

"இனிமே தொலைக்க மாட்டேம்மா. பாரு, கையோட வச்சிருக்கேன்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவுக்கு வரவில்லை. பெற்று வளர்த்த தோலைக் கிறுக்கிக்கொண்டு வந்துவிட்டானே என்று இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். அதற்குப் பிறகு அவன் வீட்டில் முழுக்கைச் சட்டையோடுதான் இருப்பான். புகைப்படங்களிலும் அப்படித்தான்.

இரண்டு வருடம் கழித்து, கடல் தாண்டி ஒரு பெரிய ஓட்டலில் பரிமாறுகிற வேலை வந்தது. கையில் பச்சை தெரியக்கூடாது என்பது அங்கே சட்டம், அழித்துவிட்டு எப்போது வந்தாலும் எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். அம்மா மகளைப் பார்த்தாள். "ஊர்ல உள்ளவனுக்கெல்லாம் அழிக்கற. உன் தம்பிக்கு அழிச்சு விட மாட்டியா?"

டாக்டரிடம் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அறையைத் திறந்துகொண்டாள். வீட்டு ஆள் என்பதால் பதிவு போடவில்லை. மற்றவர்களுக்கு முதல் நாளே படம் எடுத்துக் கோப்பில் வைப்பாள். அவனுக்குக் கோப்பே இல்லை, அதனால் படமும் இல்லை. பதினோரு தடவை ஆயிற்று. ஏழாவது தடவை, குருவியின் உடம்பு மங்கிவிட்டிருந்தது, அலகும் சாவியும் மட்டும் கொஞ்சம் கறுப்பாக இருந்தன. அவன் கையை நீட்டிக்கொண்டே கேட்டான்.

"அக்கா, சாவிய மட்டும் விட்டுடேன். சின்னதுதானே. வாட்ச் கட்டினா மறைஞ்சிடும்."

"சும்மா இருடா. எடுத்த வேலைய அரைகுறையா விடற பழக்கம் எனக்கு இல்ல."

மீதி நாலு தடவையில் சாவியும் போயிற்று. கடைசி நாள் அவன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். குழந்தைக் கை மாதிரி சுத்தமாக இருந்தது. அன்றைக்கு அவளுக்கு என்ன பெருமை!

அவன் போன மூன்றாவது மாதம், வேலைக்காரர்கள் தங்கியிருந்த கட்டடத்தில் தீப்பிடித்தது. மறுநாள் ஓர் அதிகாரி தொலைபேசியில் பேசினார். முகம் பார்த்துச் சொல்ல முடியாத நிலைமை, உடம்பில் அடையாளம் ஏதாவது உண்டா என்று கேட்டார். மச்சம்? தழும்பு? அறுவை சிகிச்சை? அவள் ஒவ்வொன்றுக்கும் இல்லை, இல்லை என்றாள்.

"பச்சை ஏதாவது குத்தியிருக்காரா?"

"இருந்துச்சு சார்" என்றாள். பிறகு, "இப்ப இல்ல."

அடையாளம் இருந்தவர்கள் ஊர் வந்து சேர்ந்தார்கள். ஒருவனைக் கழுத்தடி நட்சத்திரத்தை வைத்தும், இன்னொருவனை முழங்கையில் குத்தியிருந்த மகள் பெயரை வைத்தும் கண்டுபிடித்தார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டாள். கைகள் பலருக்கும் தப்பியிருந்தன. அடையாளம் இல்லாத ஆறு பேரை அங்கேயே ஒன்றாகப் புதைத்துவிட்டார்கள். ரத்தம் எடுத்துச் சோதிப்போம் என்றது பேச்சோடு நின்றது. அவனும் அந்த ஆறு பேரில் ஒருவன் என்று வீட்டுக்கு ஒரு காகிதம் வந்தது.

அம்மா அந்தக் காகிதத்தை நம்பவில்லை. "பாத்தவங்க யாரு? நீ பாத்தியா?" என்று ஒரே ஒருமுறை கேட்டாள். அன்றிலிருந்து வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவது கிடையாது. அவன் கையில் சாவி இருக்காது, வந்தால் வெளியே நிற்பானே என்பது அவள் கணக்கு. ஏழு வருடமாகக் கதவு சும்மா சாத்தித்தான் இருந்தது. எதிர்வீட்டுப் பூனை மட்டும் அந்த வசதியை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டது.

அது நடந்து இரண்டு வருடம் கழித்து, சுவரில் இருக்கும் படங்களை வரைந்த பச்சைக்காரரைப் பற்றி அவளுக்குச் சொன்னது, அழிக்க வந்த ஓர் ஆள். தம்பிக்குக் குத்தியவரும் அவர்தான். கை நடுக்கம் வந்துவிட்டதால் தோலை விட்டுவிட்டாராம். தோல் நடுக்கத்தை மன்னிக்காது, தகட்டில் தப்பினால் தேய்த்துவிட்டு மறுபடி கீறலாம் அல்லவா. பழைய நோட்டுப் புத்தகங்களில் இருக்கும் படங்களை ஒவ்வொன்றாகச் செப்புத் தகட்டில் கீறி அச்சடிக்கிறாராம்.

அன்று மாலையே போனாள். மாவு மில்லுக்கு மேலே ஒற்றை அறை, கீழே இயந்திரம் ஓடினால் மேலே தரை அதிரும். குருவி வேண்டும் என்று கேட்கத்தான் வாயெடுத்தாள். அதற்குள் அவர் வேறொருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "இந்த லேசர் வச்சு அழிக்கறாங்களே, அவங்கள மட்டும் இந்தப் படி ஏற விடமாட்டேன். என் கையால போட்டதுல பாதி இன்னைக்கு உலகத்துல இல்ல."

வாய் அப்படியே மூடிக்கொண்டது. மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன் என்று பொய் சொல்லி, அன்று இருந்த நங்கூரத்தை வாங்கிக்கொண்டு வந்தாள். எந்த எண் வேண்டும் என்றதற்குப் பதினொன்று என்றாள். அவர் ராசி எண் என்று நினைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு, இரண்டு மாதத்துக்கு ஒரு படம் வந்தது. ஒவ்வொரு முறையும் இது குருவியாக இருக்கும் என்று போவாள். புலி இருக்கும், புலியை வாங்கி வருவாள். அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு படம். அவன் கையில் என்ன இருந்தது என்று காட்ட உலகத்தில் மிச்சம் இருப்பது அதுதான் என்று நினைத்தாள். ஆனால் போகப் போக மற்ற படங்களும் மனத்தில் ஒட்டிக்கொண்டன. பகல் முழுக்க அழித்துவிட்டு வருகிறவளுக்கு, அழிக்க முடியாத இடத்தில் அவை இருப்பது ஒருவித ஆறுதல்.

"வாங்க பதினொண்ணாம் நம்பர்" என்பார் பச்சைக்காரர். முப்பது அச்சும் முடிந்ததும், வாங்கியவர்கள் கண்முன்னால் தகட்டின் குறுக்கே ஊசியால் ஆழமாக ஒரு கோடு இழுப்பார். இனி அந்தத் தகட்டில் யார் அச்சடித்தாலும் கோடும் சேர்ந்து விழும். முப்பத்தொன்றாவது என்று ஒன்று வராது. அதுதான் அவர் கொடுக்கிற உத்தரவாதம்.

இருபத்தேழாவது படம் குருவி. சாவியோடு.

படியேறி வந்து அதைப் பார்த்தாள். மூச்சு வாங்குது என்று சமாளித்து உட்கார்ந்தாள். அவர் கோடு இழுக்கும்போது அன்றைக்கு மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஊசி செம்பில் கிரீச்சிடுவது மட்டும் கேட்டது.

வீட்டில் மற்றவற்றைத் தள்ளி வைத்துவிட்டு, நடுச்சுவரில் அதை மாட்டினாள். சமையல்கட்டிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்த அம்மா வழக்கம்போல முகத்தைத் திருப்பப் போனவள், நின்றுவிட்டாள். கிட்டே வந்தாள். ஐந்து வருடத்தில் அந்தச் சுவருக்கு அவ்வளவு கிட்டே அவள் வந்ததில்லை.

"இது அவனோடது இல்ல" என்றாள் அம்மா.

"அவனோடதுதாம்மா. அதே ஆள் போட்டது."

"அவன் கையில இருந்தது அவனப் பாத்து இருக்கும்டி. கையத் தொங்கவிட்டு நின்னான்னா, சாவிய அவன் நெஞ்சுப் பக்கம் கொண்டுபோற மாதிரி. இது வெளிய போகுது."

"நீ எங்கம்மா பாத்த? நீதான் அந்தப் பக்கமே திரும்ப மாட்டியே."

"தூங்கறப்ப பாப்பேன்" என்றாள் அம்மா. "தினம் பாப்பேன்." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவள் சட்டத்தின் முன்னால் நின்று யோசித்து யோசித்துப் பார்த்தாள். பதினோரு தடவை அந்தக் கையைப் பிடித்திருக்கிறாள். ஆனால் கறுப்புக் கண்ணாடி வழியாக, கடுகளவு கடுகளவாகத்தான் பார்த்திருக்கிறாள். இது கோடு, இது புள்ளி, இங்கே மை ஆழம். குருவி எந்தப் பக்கம் போயிற்று என்பது அவளுக்கு நினைவில் இல்லை. வெட்கமாக இருந்தது. வெறுத்தவள் முழுசாகப் பார்த்திருக்கிறாள், செல்லம் கொடுத்தவள் பார்க்கவில்லை.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போய்ப் பச்சைக்காரரிடம் நேராகக் கேட்டாள். "இந்தக் குருவி திரும்பியிருக்கா?"

அவர் சிரித்துவிட்டார். "கண்டுபிடிச்சுட்டீங்களே. இது மட்டுமில்ல, இருபத்தேழும் திரும்பித்தான் இருக்கு. தோலுக்கு வரையறப்ப, தாளுக்கு அடியில கார்பன மல்லாக்க வச்சு வரைவோம். மை தாளோட முதுகுல ஏறும். தோல்ல ஒட்டினா நேரா விழும், நாம திருப்பி வரைய வேண்டியதே இல்ல. முப்பது வருஷப் பழக்கம். தகட்டுலயும் அப்படியே நேரா வரைஞ்சுட்டேன். அது அச்சுல திரும்பி விழும்னு புரியறதுக்குள்ள ஆறு படம் வித்துப்போச்சு. பாம்பு எந்தப் பக்கம் பாத்தா என்னன்னு விட்டுட்டேன்."

"அப்ப நேரா இருக்கறது?"

"தகட்டுல இருக்கு. ஆனா கோடு போட்டாச்சே."

"அந்தத் தகடு எனக்கு வேணும்."

"தகட்ட யாருக்கும் கொடுக்கறதில்ல."

அவள் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கீழே மில் ஓட ஆரம்பித்தது, தரை அதிர்ந்தது. "நான் மருந்துக்கடையில இல்ல. அழிக்கறவ. இந்தக் குருவி என் தம்பி கையில இருந்துச்சு. நான்தான் அழிச்சேன், பதினோரு தடவை. அப்புறம் அவன் போயிட்டான். அவன்தான்னு சொல்ல அங்க ஒண்ணும் இல்ல."

படியைக் காட்டிப் போகச் சொல்லுவார் என்றுதான் எதிர்பார்த்தாள். அவர் மூலையிலிருந்த தகரப்பெட்டியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"சாவிப் பையன்" என்றார். "குத்தறப்ப வலிக்குதான்னு கேட்டேன். எங்கம்மா திட்டறதவிட இது பரவால்லன்னான்."

தகரப்பெட்டியைத் திறந்து, பழைய துணியில் சுற்றியிருந்த தகட்டை எடுத்து அவள் கையில் வைத்தார். படியிறங்கும்போது பதினொன்றாம் நம்பர் என்று கூப்பிடவில்லை. "பாத்துப் போம்மா" என்றார்.

அம்மா கூடத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். மகள் எதுவும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து, துணியைப் பிரித்துத் தகட்டை அவள் மடியில் வைத்தாள். திரையை விலக்கினாள். செம்பில் வெளிச்சம் விழுந்ததும் கீறல்கள் தெரிந்தன. குருவி திரும்பியிருந்தது. சாவியை நெஞ்சுப் பக்கம் கொண்டுபோனது. அலகிலிருந்து வால்வரை குறுக்கே அந்தக் கோடு.

"இதுதான்" என்றாள் அம்மா. "இதேதான்." விரலால் இறக்கையைத் தடவினாள், சாவியைத் தடவினாள். விரல் கோட்டில் தட்டியது. "நல்லா இருக்கறதுல யாருடி இப்படிக் குறுக்கக் கோடு போட்டது?"

அவர்தான் போட்டார், அது வழக்கம் என்று சொல்லியிருக்கலாம். உண்மையும் அதுதான். அவளால் சொல்ல முடியவில்லை.

"நான்தாம்மா" என்றாள். "சாவிய மட்டும் விட்டுடுன்னு கேட்டாம்மா. சின்னதுதானேன்னான். நான் விடல. அது இருந்திருந்தா, அன்னைக்குப் போன்ல கேட்டப்ப..."

அம்மா தகட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"என்கிட்டயும் கேட்டான்" என்றாள். "அக்காகிட்ட நீ சொன்னா கேப்பான்னான். முழுசா அழிச்சுக்கடான்னு நான்தான் சொன்னேன்."

இருவரும் அழுதார்கள். ஏழு வருடத்துக்குச் சேர்த்து என்று சொல்ல முடியாது. அவ்வளவு அழுகையை ஒரே நாளில் அழ முடியாது. வெளியே இருட்டுவதற்கு இன்னும் நேரம் இருந்தது. எதிர்வீட்டுப் பூனை கதவைத் தலையால் முட்டித் திறந்துகொண்டு உள்ளே வந்து, இவர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று.

அம்மா தகட்டைத் துணியில் சுற்றி மகளிடம் கொடுத்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து வாசலுக்குப் போனாள். கொஞ்ச நேரம் தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். பிறகு கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் துருப்பிடித்து இறுகியிருந்தது. இரண்டு கையாலும் தள்ள வேண்டியிருந்தது. உள்ளேயிருந்து மகள் எழுந்து வந்து கைகொடுத்தாள்.